கட்டுமானப் பொருள்கள் பாடத்தை எந்த வழியில் மாற்றுவது? சிவில் துறைகளுக்கு ஓர் ஒப்பீடு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கட்டுமானப் பொருள்கள் பாடம் மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. கான்கிரீட் தொழில்நுட்பமும் பொருள் சோதனை லேபும் நான்காம் செமஸ்டரில் வருகின்றன. சிமென்ட் எப்போது இறுகத் தொடங்கும் என்று பரீட்சைத் தாளில் எழுதித் தேறிய மாணவர், அதை அளக்கும் விகாட் கருவியின் ஊசியை முதன்முதலாகக் கையில் பிடிப்பதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் பாதி மறந்துபோகிறது. லேபில் செய்வது தனி வேலையாகவும் படித்தது தனிப் பாடமாகவும் நின்றுவிடுகின்றன.

பாடத்தை மாற்ற வேண்டும் என்பதில் பெரும்பாலான துறைகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் குழப்பம். வீடியோவை வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு வகுப்பில் கணக்குப் போடலாம். கணினித் திரையில் மெய்நிகர் லேப் நடத்தலாம். மாணவர் குழுக்களிடம் ஒரு கட்டடத்தைக் கொடுத்து, அதற்கான கான்கிரீட் கலவையை அவர்களே வடிவமைத்து வார்க்கச் செய்யலாம். செங்கல், சுண்ணாம்பு, மரம் என்று பொருள் வாரியாக இருக்கும் பாடத்தைப் பண்பு வாரியாகத் திருப்பி அடுக்கலாம். ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கும் கட்டுமானத் தளத்துக்கும் அழைத்துப் போகலாம். ஒரு செமஸ்டரில் இவை அனைத்தையும் முழுமையாகச் செய்ய நேரம் இருக்காது. எதை நடுவில் வைப்பது, எதைத் துணைக்கு வைப்பது என்று தீர்மானித்தே ஆக வேண்டும்.

கலவை வடிவமைப்புப் பணியை நடுவில் வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. மற்ற வழிகளுக்கு என்ன பயன், எங்கே தடுக்கிவிழும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்

அறிவியல், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் வெளியிட்ட முடிவு இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. மாணவர் ஏதேனும் செய்தபடி கற்கும் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சுமார் 6 சதவீதம் கூடியது. விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு 1.5 மடங்காக இருந்தது. திசை எது என்பதில் இதற்குமேல் வாதம் தேவையில்லை.

ஆனால் கட்டுமானப் பொருள்கள் பாடத்தைப் பற்றியே எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது கவனம் வேண்டும். சீனா 2017இல் ‘புதிய பொறியியல்’ என்ற கொள்கையை முன்வைத்த பிறகு அங்கிருந்து இத்துறையில் ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. இந்தியாவில் என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமும், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் கிடைத்த உறுப்புரிமையும் கற்றல் விளைவு சார்ந்த பாடத்திட்டத்தைக் கட்டாயமாக்கியதால் இங்கேயும் எழுதுகிறார்கள். இவற்றில் பல ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, செமஸ்டர் முடிவில் ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா’ என்று ஒரு படிவம் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. புதிதாக எதைச் செய்தாலும், செய்யும் முதல் ஆண்டில் மாணவருக்குப் பிடிக்கவே செய்யும். பழைய முறையில் படித்த இணையான வகுப்பு ஒன்றுடன் ஒப்பிட்டிருக்கிறார்களா, ஓராண்டு கழித்து அந்த மாணவர்களால் ஒரு கலவைத் தாளைச் சரிபார்க்க முடிந்ததா என்று தேடிப் பாருங்கள். இவற்றுக்கு விடை தரும் கட்டுரைகளுக்கே எடை கொடுக்க வேண்டும்.

லேபைப் பற்றி ஒரு கட்டுரை மட்டும் படிக்க நேரமிருந்தால், லைல் ஃபைசலும் ஆல்பர்ட் ரோசாவும் 2005இல் எழுதியதைப் படிக்கலாம். பொறியியல் லேபின் நோக்கங்கள் 13 என்று அவர்கள் பட்டியலிடுகிறார்கள். கருவியைக் கையாள்வதும் தரவை ஆராய்வதும் எல்லோருக்கும் நினைவு வரும். தோல்வியிலிருந்து கற்பது, புலன்களால் உணர்ந்து முடிவெடுப்பது ஆகிய இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவ்விரண்டும் ரெகார்டு நோட்டில் ஏறுவதே இல்லை.

இப்போதைய முறை: எதை விடக்கூடாது

பத்துப் பன்னிரண்டு சோதனைகள், வாரத்துக்கு ஒன்று, ரெகார்டு, வைவா என்ற இந்த முறையை முற்றிலும் ஒதுக்குவது தவறு. சிமென்ட் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4031 சொல்லும் ஒழுங்கை இது கைக்குப் பழக்குகிறது. அறை வெப்பம் 27 பாகை, கூடக்குறைய 2. தண்ணீர் ஊற்றியதிலிருந்து பிசைந்து முடிக்க 3 முதல் 5 நிமிடம். விகாட் கருவியின் 10 மிமீ தண்டு அடியிலிருந்து 5 முதல் 7 மிமீ உயரத்தில் நிற்க வேண்டும். எந்தத் தரக் கட்டுப்பாட்டு லேபில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே தேவைப்படும் பழக்கம் இது.

மாணவர் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் ஓட்டை. விடை என்ன வர வேண்டும் என்பது சீனியரின் ரெகார்டில் இருக்கிறது. இயல்பான நிலைப்பு (சிமென்ட் பசை சரியான பதத்துக்கு வர வேண்டிய தண்ணீர்) 31 சதவீதம் என்று எழுதிவிட்டால் அந்த எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த எண் அடுத்த இரண்டு சோதனைகளை ஆள்கிறது. இறுகு நேரச் சோதனைக்கு அதில் 0.85 பங்கு தண்ணீர் வேண்டும். 31 சதவீதம் என்றால் 400 கிராம் சிமென்டுக்கு 105.4 மில்லி. சாந்துக் கட்டி வார்க்க, சிமென்டும் மணலும் சேர்ந்த எடையில் நாலில் ஒரு பங்கு நிலைப்புடன் 3 கூட்டிய சதவீதம், அதாவது 10.75 சதவீதம். 200 கிராம் சிமென்டும் எண்ணூர் தரமணலின் மூன்று பருமன்களில் தலா 200 கிராமும் சேர்ந்த 800 கிராமுக்கு 86 கிராம் தண்ணீர்.

எதையும் பெரிதாக மாற்ற முடியாத துறைகூட, இந்த மூன்று சோதனைகளையும் ஒரே குழு, ஒரே மூட்டைச் சிமென்டில், தன்னுடைய எண்ணையே எடுத்துச் சென்று செய்ய வேண்டும் என்று விதிக்கலாம். நிலைப்பைத் தவறாக அளந்த குழுவுக்கு இறுகு நேரம் பிசகும். பிசகிய காரணத்தைத் தேடும்போது, தண்டு எங்கே நின்றது என்று தாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியவரும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாத சீர்திருத்தம் இது.

வீடியோவை வீட்டுக்கு அனுப்புவது

என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர்களின் கட்டுமானப் பொருள், கான்கிரீட் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிமென்ட் நீரேற்றத்தை அதைவிட நன்றாகக் கரும்பலகையில் விளக்குவது கடினம். விரிவுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வகுப்பு நேரம் கணக்குக்கும் விவாதத்துக்கும் மிஞ்சும் என்பது சரியான எண்ணம்தான்.

முழு நீள ஆங்கில விரிவுரையின் இணைப்பை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும் இடத்தில் இது தோற்கிறது. தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் வகுப்பில் கணிசமாக இருக்கும் கல்லூரிகளில், வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதி மொழியைப் புரிந்துகொள்ளவே போகும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியதே இந்தத் தேவையை உணர்ந்துதான். வேலை செய்யும் வடிவம் வேறு. நீண்ட வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும் என்று குறித்து, 12 நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான தமிழ்க் குறிப்பை அரைப்பக்கத்துக்குக் கொடுங்கள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் தாளில் ஒரே ஒரு கணக்குக் கொடுங்கள். வீடியோ பார்க்காமல் அதைப் போட முடியாதபடி இருக்கட்டும். பார்த்தார்களா என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். அந்தக் கணக்கைத் திருத்தினால் உண்மை தெரியும்.

ஆகவே இது நல்ல துணை. இதை நடுவில் வைத்தால், விரிவுரை இடம் மாறியிருக்குமே தவிர மாணவர் பொருளைத் தொட்டிருக்க மாட்டார்.

மெய்நிகர் லேப்

மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ் திட்டமும் பல்வேறு தனியார் மென்பொருள்களும் சோதனைகளைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. கோவிட் ஊரடங்கில் இவை இல்லாமல் பல துறைகள் தவித்திருக்கும். மெய்நிகர், தொலைநிலை லேப்களைக் கையால் செய்யும் லேபுடன் ஒப்பிட்ட ஆய்வுகளை ஜேம்ஸ் பிரின்சன் 2015இல் தொகுத்தபோது, பெரும்பாலானவற்றில் கற்றல் விளைவு சமமாகவோ கூடுதலாகவோ இருந்ததைக் கண்டார். அதே தொகுப்பு இன்னொன்றையும் காட்டியது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பாட அறிவை வினாத்தாளால் அளந்தவை. கைத்திறனை வினாத்தாளால் அளக்க முடியாது.

நமது பாடத்தில் இந்த வேறுபாடு பெரியது. திரையில் மூன்று க்யூப்களை (வலிமை அறிய வார்த்த கான்கிரீட் கனசதுரங்களை) உடைத்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும். உண்மையான லேபில் ஒன்று 34, ஒன்று 29, ஒன்று 31 வரும். ஏன் இப்படி என்று கேட்கும் இடத்தில்தான் பொருளறிவு தொடங்குகிறது. சிதறல் இல்லாத லேபில் படித்தவர் தளத்தில் முதல் மோசமான க்யூப் அறிக்கையைப் பார்க்கும்போது திகைத்துவிடுவார்.

கையால் செய்ய முடியாதவற்றுக்கு மெய்நிகர் லேப் சிறந்தது. கான்கிரீட்டில் கார்பனேற்றம் ஆழம் போவதைக் காண ஆண்டுகள் வேண்டும். குளோரைடு கம்பியை எட்டுவதும், நீண்டகாலச் சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்லக் குறுகுவதும் செமஸ்டருக்குள் அடங்காதவை. எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாக் கல்லூரியிலும் இல்லை. இவற்றைத் திரையில் காட்டுங்கள். இறுகு நேரத்தையும், ஈரக் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் ஸ்லம்ப்பையும் கையால் செய்ய விடுங்கள். ஸ்லம்ப் கூம்பைத் தூக்கும்போது கலவை சரிகிறதா, உதிர்கிறதா, ஒட்டிக்கொண்டு இறங்குகிறதா என்று பார்த்த கண்ணுக்கு, 100 மிமீ என்ற எண்ணைவிட அதிகம் தெரியும்.

கலவை வடிவமைப்பை மாணவரிடம் கொடுப்பது

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சீட்டு. ஒன்றில் கோவையில் உள்நாட்டுக் குடியிருப்பின் தூண், எம்25 (28 நாளில் சதுர மிமீக்கு 25 நியூட்டன் வலிமை), 100 மிமீ ஸ்லம்ப், நடுத்தரச் சூழல். இன்னொன்றில் நாகப்பட்டினத்தில் கடலோரக் கட்டடம். ஐ.எஸ். 456 இதைக் கடுமையான சூழல் என்று வகுக்கிறது. அங்கே எம்30க்குக் குறையக்கூடாது. தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது; சிமென்ட் கன மீட்டருக்கு 320 கிலோவாவது வேண்டும். நடுத்தரச் சூழலுக்கு இதே வரம்புகள் 0.50, 300 கிலோ. வலிமை போதுமானதாக இருந்தும் நீடித்துழைக்கும் நிபந்தனை கலவையை முடிவு செய்யும் என்பதை இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்தாலே புரிந்துகொள்வார்கள்.

ஐ.எஸ். 10262:2019 வழியில் எம்25க்கான இலக்கு வலிமை 25 + 1.65 × 4 = 31.6; இதில் 4 என்பது எம்25க்குத் தரநிலை தரும் திட்ட விலக்கம். 20 மிமீ ஜல்லிக்கும் 50 மிமீ ஸ்லம்ப்புக்கும் தண்ணீர் 186 கிலோ. ஒவ்வொரு 25 மிமீ ஸ்லம்ப்புக்கும் 3 சதவீதம் கூட்டினால் 100 மிமீக்கு 197 கிலோ. விகிதம் 0.50 என்றால் சிமென்ட் 394 கிலோ. தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர்த்துத் தண்ணீரை 20 சதவீதம் குறைக்க முடிந்தால் 158 கிலோ தண்ணீர், 316 கிலோ சிமென்ட். ஒரு கன மீட்டரில் 78 கிலோ சிமென்ட் மிச்சம். சிமென்டின் சுட்ட மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன்னுக்குச் சுமார் 0.8 முதல் 0.9 டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதால் இந்த ஒரே முடிவு கன மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைத் தவிர்க்கிறது. நீடித்த வளர்ச்சி என்று தனி அத்தியாயம் நடத்துவதைவிட, இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட மாணவருக்கு விஷயம் ஆழமாகப் பதியும்.

துறைத் தலைவர்கள் இதற்குச் சொல்லும் முதல் தடை பொருள் செலவு. 60 பேர் வகுப்பில் ஆறு பேர் கொண்ட பத்துக் குழுக்கள். குழுவுக்கு 150 மிமீ க்யூப் ஆறு என்றால் வீணாவதையும் சேர்த்து 25 லிட்டர், ஏறத்தாழ 60 கிலோ கான்கிரீட். மொத்தம் 600 கிலோ. பெருமூச்சு வருவது நியாயம்தான். ஆனால் ஜல்லி 20 மிமீக்கு மிகாதபோது 100 மிமீ க்யூப்பை ஐ.எஸ். 516 அனுமதிக்கிறது. அப்போது குழுவுக்கு 10 லிட்டர் போதும். பத்துக் குழுக்களுக்குச் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஆகும் சிமென்ட் சுமார் 40 கிலோ. ஒரு மூட்டையில் மிச்சமே இருக்கும். வகுப்பை இரண்டு லேப் பிரிவாகப் பிரித்தால் 30 அச்சுகள் இருந்தால் சமாளிக்கலாம். சிறிய க்யூப் சற்றுக் கூடுதல் வலிமை காட்டும், சிதறலும் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் தடை நாள்காட்டி. கான்கிரீட்டுக்கு 28 நாள் வேண்டும். செமஸ்டருக்கு இருப்பது ஏறத்தாழ 15 வாரம். இங்கே ஒரு வசதி இருக்கிறது. 7, 28 இரண்டும் ஏழின் மடங்குகள். செவ்வாய்க்கிழமை லேபில் வார்த்தால் உடைக்கும் நாளும் செவ்வாய்க்கிழமையே வரும். கால அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. முதல் மூன்று வாரம் சிமென்ட், மணல், ஜல்லி சோதனைகளும் கலவைத் தாளும். 4ஆம் வாரம் முதல் வார்ப்பு. 5ஆம் வாரம் ஏழு நாள் முடிவு, 8ஆம் வாரம் 28 நாள் முடிவு. 9ஆம் வாரம் திருத்திய கலவையில் இரண்டாம் வார்ப்பு, 13ஆம் வாரம் அதன் முடிவு. அறிக்கைக்கு இரண்டு வாரம் மிஞ்சும். முதல் வார்ப்பு 6ஆம் வாரத்துக்குத் தள்ளிப்போனால் இரண்டாம் சுற்று 15ஆம் வாரத்தில் முட்டும். இரண்டாம் சுற்று இல்லாவிட்டால் இந்தப் பணியின் பாதிப் பயன் போய்விடும். தன் முதல் கலவை ஏன் தவறியது என்று புரிந்து திருத்துவதுதான் இதன் சாரம். ஆகவே விடுமுறைகளையும் அகத் தேர்வு நாள்களையும் குறித்துவைத்துக்கொண்டு முதல் வார்ப்பின் தேதியைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே பூட்டிவிடுங்கள். வார்த்த மறுநாள், 24 மணி நேரத்தில் அச்சைக் கழற்ற வேண்டும். அது லேப் நேரம் இல்லாத நாள். குழுவில் இருவருக்கு அந்தப் பொறுப்பைப் பெயர் எழுதிக் கொடுக்காவிட்டால் க்யூப்கள் வாரக்கணக்கில் அச்சிலேயே காயும்.

என்ன தவறும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். முதலிடம் மணலின் ஈரத்துக்கு. கன மீட்டருக்கு 700 கிலோ எம் சாண்டில் மேற்பரப்பு ஈரம் 4 சதவீதம் என்றால் கணக்கில் வராத 28 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. 0.50 என்று நினைத்த விகிதம் 0.57 ஆகிவிடுகிறது. 10 லிட்டர் கலவையில் இது 280 மில்லி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்தான். க்யூப் உடையும்போது அதன் விலை தெரியும். வார்க்கும் நாள் காலையில் ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து ஈரத்தைக் கண்டு, கலவைத் தாளைத் திருத்திய பிறகே தராசைத் தொட வேண்டும்.

அடுத்தது எம் சாண்டின் தூள். பாடநூல்கள் பல இன்னும் ஆற்று மணலை வைத்தே பேசுகின்றன. தமிழ்நாட்டில் இன்று தளத்தில் கொட்டியிருப்பது எம் சாண்ட். ஐ.எஸ். 383:2016 உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூளை 15 சதவீதம் வரை ஏற்கிறது. ஆற்று மணலுக்கு அந்த வரம்பு 3 சதவீதம்தான். தூள் கூடினால் அதே ஸ்லம்ப்புக்குத் தண்ணீர் கூட வேண்டும். கணக்கிட்ட தண்ணீரில் ஸ்லம்ப் 40 மிமீதான் வந்தது என்று மாணவர் வாளியைத் தூக்கும் கணம் இந்தப் பாடத்தில் முக்கியமானது. தண்ணீர் ஊற்றுவதைத் தடை செய்யாதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் அளந்து எழுத வேண்டும் என்ற ஒரே விதி போதும். 28 நாள் கழித்து அந்தக் குழுவின் எண்ணைப் பிளாஸ்டிசைசர் சேர்த்த குழுவின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

சிமென்டின் வகையை மூட்டையில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிடும் என்ற, கலப்பில்லாத ஓ.பி.சி. சிமென்ட் கால வழக்கை அதற்குப் பொருத்தினால், ஏழு நாள் எண்ணைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் சிமென்டைக் கூட்டிவிடுவார்கள்.

உடைக்கும் இடத்திலும் பிழைகள் உண்டு. ஐ.எஸ். 516 சொல்லும் சுமை வேகம் நிமிடத்துக்குச் சதுர மிமீக்கு 14 நியூட்டன். 150 மிமீ க்யூப்புக்கு அது வினாடிக்கு 5.25 கிலோநியூட்டன், 100 மிமீக்கு 2.33. இலக்கு வலிமையான 31.6 அளவில் உடையும் சிறிய க்யூப் 316 கிலோநியூட்டன் தாங்கும். சரியான வேகத்தில் போனால் அதற்கு இரண்டேகால் நிமிடம் ஆகும். அரை நிமிடத்தில் உடைத்துவிட்டால் எண் உயர்ந்து காட்டும். கைப்பேசியில் நேரம் எடுக்க ஒருவரை நிறுத்துங்கள். 2000 கிலோநியூட்டன் இயந்திரத்தில் 316 என்பது அளவின் கீழ்ப்பகுதி; அந்த வரம்புக்கும் அளவுத்திருத்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். க்யூப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து ஈரமாகவே உடைக்க வேண்டும். வார்த்தபோது மேலே திறந்திருந்த சொரசொரப்பான முகம் தட்டில் படக்கூடாது. அச்சின் பக்கங்களைத் தொட்டிருந்த முகங்களே தட்டில் பட வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணீர் 27 பாகையில் நிற்காது. தினமும் வெப்பத்தைக் குறித்துவைத்தால் ஏழு நாள் எண் ஏன் கூடியது என்று பின்னால் விளக்கலாம்.

எண்ணை இட்டுக்கட்டுவதைத் தடுக்க எளிய காவல் ஒன்று: உடைக்கும் முன் எடை. 100 மிமீ க்யூப் சுமார் 2.4 கிலோ இருக்க வேண்டும். 2.3க்குக் கீழே போனால் உள்ளே பொந்து இருக்கிறது. இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து என்பதை யாரோ அவசரத்தில் குறைத்திருக்கிறார்கள். மூன்று க்யூப்களில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஐ.எஸ். 456 அந்த முடிவை ஏற்பதில்லை. அந்த விலகலை மறைக்காமல் காரணத்தோடு எழுதிய குழுவுக்கு மதிப்பெண் குறையாது என்று முதல் நாளே அறிவிப்பது அவசியம். இல்லையென்றால் எல்லாக் குழுக்களின் க்யூப்களும் அற்புதமாக ஒத்துப்போகும்.

குழுவில் இரண்டு பேர் உழைக்க நான்கு பேர் நிற்பது எல்லாத் திட்டப் பணியிலும் உள்ள நோய். எடை போடுபவர், கலப்பவர், குத்துபவர், குறிப்பவர் என்ற வேலைகளை இரண்டாம் சுற்றில் மாற்றிக் கொடுங்கள். அறிக்கைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தனித்தனி வைவாவுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் வையுங்கள். செயற்கை நுண்ணறிவு அழகான அறிக்கையை நொடியில் எழுதித் தரும் காலத்தில் அறிக்கையின் மொழியை வைத்து யாரையும் எடைபோட முடியாது. ‘உங்கள் இரண்டாம் க்யூப் ஏன் குறைந்தது’ என்ற கேள்விக்கு வார்த்தவருக்கு மட்டுமே பதில் தெரியும். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் கலவைப் பக்கம் விடாதீர்கள்.

பாடத்தை பண்பு வாரியாகத் திருப்புவது

கல், செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட், மரம் என்று வரிசையாகப் போகும் பாடத்தில் புதிய பொருள் வரும்போதெல்லாம் கடைசி யூனிட் வீங்குகிறது. துளை அமைப்பு, வலிமை, உருமாற்றம், நீர் ஊடுருவல், சிதைவு என்று அடுக்கினால் புதிய பொருளுக்குத் தானாக இடம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக எல்.சி.3 சிமென்ட். அதன் பரவலான வடிவத்தில் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆய்வில் பங்கெடுத்த இந்தச் சிமென்டுக்கு இந்தியத் தரநிலை 2023இல் வந்துவிட்டது. சாம்பல், சுட்ட களிமண் போன்றவை சுண்ணத்தோடு சேர்ந்து இறுகும் பொசோலானிக் வினையைப் பண்பாகப் படித்தவர் இதைப் பார்த்த உடனே எங்கே பொருத்துவது என்று அறிவார். சாம்பலும் அப்படியே. மேட்டூரில் நிலக்கரி எரிந்து வரும் சாம்பல் சிலிக்கா மிகுந்தது, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணம் அதிகம். இரண்டையும் ‘ஃப்ளை ஆஷ்’ என்ற ஒரே தலைப்பில் மனப்பாடம் செய்தவருக்கு, கலவையில் அவை வெவ்வேறாக நடந்துகொள்வது புதிராகவே இருக்கும்.

என்னைக் கேட்டால் இதுவே அறிவளவில் மிக ஆழமான சீர்திருத்தம். நடைமுறையில் மிகக் கடினமானதும் இதுவே. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் யூனிட் வரிசையை மாற்ற முடியாது. பல்கலைக்கழகத் தேர்வில் பத்து 2 மதிப்பெண் கேள்விகளும் ஐந்து 13 மதிப்பெண் கேள்விகளும் ஒரு 15 மதிப்பெண் கேள்வியும் யூனிட் வாரியாகவே வரும். தன்னாட்சிக் கல்லூரிக்கு வழி திறந்திருக்கிறது. அங்கேயும் ஓர் ஆபத்து: நுண்ணமைப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால், சேம்பர் செங்கல்லையும் நாட்டுச் செங்கல்லையும் தட்டிப்பார்த்துப் பிரிக்கத் தெரியாத பட்டதாரிகள் வருவார்கள். வாரம் ஒரு பொருளை மேசை மேல் வைத்துத்தான் இந்த வகுப்பை நடத்த வேண்டும்.

தளப் பயணம்

சுருக்கமாகச் சொல்லலாம். 60 பேரை ஒரு பஸ்ஸில் ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினால் புகைப்படங்கள் மிஞ்சும். தன் முதல் வார்ப்பை முடித்த பிறகு, 6ஆம் 7ஆம் வாரத்தில், மணல் ஈரத்தை பிளான்ட் எப்படித் திருத்துகிறது என்ற ஒரு கேள்வியோடு போனால், பேட்ச் சீட்டில் இருக்கும் எண்களை மாணவர் தானே படிப்பார்.

யாருக்கு எது

இணைப்புக் கல்லூரி என்றால் மூன்றாம் செமஸ்டரில் பாட வரிசையைத் தொடாமல், ஒன்றின் எண் அடுத்ததற்குப் போகும் அந்த மூன்று சிமென்ட் சோதனைகளைச் செய்முறை விளக்கமாகவாவது வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். வீடியோத் துண்டுகளை அதற்குத் துணையாக்குங்கள். கலவைப் பணியை நான்காம் செமஸ்டரில் வையுங்கள். கான்கிரீட் தொழில்நுட்பமும் சோதனை லேபும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன. அக மதிப்பீட்டில் மினி புராஜெக்ட்டுக்கு இடம் இருப்பதால் மதிப்பெண்ணுக்குத் தனி அனுமதி தேடி அலைய வேண்டாம். இரண்டு பாடத்துக்கும் ஒரே ஆசிரியர், அல்லது ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் இரு ஆசிரியர்கள் வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரி இரண்டு செமஸ்டர் பாடங்களையும் கோட்பாடும் லேபும் சேர்ந்த ஒரே பாடமாக இணைத்து, பண்பு வரிசையில் அடுக்கி, நடுவில் கலவைப் பணியை நிறுத்தலாம். சுருக்க வலிமை இயந்திரம் பழுதாகிக் கிடக்கும், உதவியாளர் இல்லாத கல்லூரி, மெய்நிகர் லேபை வாங்குவதற்கு முன் அந்தப் பணத்தில் இயந்திரத்தைச் சரிசெய்து அளவுத்திருத்தம் செய்யட்டும்.

மாற்றம் பயன்பட்டதா என்று அறிய மனநிறைவுப் படிவத்தை நம்ப வேண்டாம். பிழையுள்ள ஒரு கலவைத் தாளை மாணவரிடம் கொடுத்து, அரைமணி நேரத்தில் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஈரத் திருத்தம் விட்டுப்போனது, கடலோரத்துக்கு 0.50 போட்டது, இலக்கு வலிமைக்குப் பதில் 25ஐயே எடுத்தது என்று மூன்று பிழைகள் போதும். செமஸ்டர் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, பழைய முறையில் படித்த சென்ற ஆண்டு வகுப்புக்கு ஒன்று.

முதல் ஆண்டிலிருந்தே எல்லாக் குழுக்களின் எண்களையும் ஒரே எக்செல் கோப்பில் சேர்த்துவையுங்கள்: தேதி, சிமென்ட் வகை, மணல் ஈரம், ஸ்லம்ப், தொட்டி வெப்பம், க்யூப் எடை, சுமை. திட்ட விலக்கம் கணக்கிட ஐ.எஸ். 456 குறைந்தது 30 மாதிரிகளைக் கேட்கிறது; மூன்று க்யூப்களின் சராசரிதான் ஒரு மாதிரி. முதல் சுற்றில் ஐந்து குழுக்களுக்கு எம்25 சீட்டும் ஐந்து குழுக்களுக்கு எம்30 சீட்டும் கொடுத்தால், தரத்துக்கு ஆண்டுக்கு ஐந்து மாதிரிகள் சேரும். ஏழாம் ஆண்டில் வரும் மாணவர்கள் எம்25க்குத் தரநிலை அட்டவணை தரும் 4.0 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தங்கள் லேபின் சொந்தத் திட்ட விலக்கத்தை எழுதி, எது பெரியது, ஏன் என்று முதல் வகுப்பிலேயே விவாதத்தைத் தொடங்கலாம்.